எண்பத்தொன்றாவது ஸ்லைடு

ஜூன் 3, திங்கள்

காலையில் தண்ணீர் வரவில்லை. பக்கத்துத் தெருவிலிருந்து நான்கு குடம் தூக்கி வைத்துவிட்டு ஆராய்ச்சி மையத்துக்குப் போய்ச் சேர ஒன்பதரை ஆகிவிட்டது.

இன்று ஆய்வு தொடங்கியது. மதிவாணன் சார் சித்த மருத்துவர். அவருடைய அப்பா காலத்திலிருந்து வெள்ளைப்படுதலுக்கு மாசிக்காய்ப் பொடி கொடுத்து வருகிறார்கள். வெதுவெதுப்பான நீரில் கரைத்துக் கழுவிக்கொள்ள வேண்டும். அது உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று பார்க்கப் போகிறோம். எண்பது பெண்கள், எல்லோரும் சாத்தூர்ப் பக்கம் தீப்பெட்டி ஒட்டுகிறவர்கள். பாதிப் பேருக்கு மாசிக்காய், மீதிப் பேருக்கு அதே நிறத்தில் வெறும் பொடி. யாருக்கு எது என்று சாருக்கே தெரியாது. பட்டியல் மதுரையில் ஒருவரிடம் பூட்டி இருக்கிறதாம். முதல் நாள், பதினான்காம் நாள், நாற்பத்திரண்டாம் நாள் என்று மூன்று முறை பரிசோதனை.

ஜெபக்கனி சிஸ்டர் பக்கத்து அறையில் பஞ்சுக்குச்சியில் சாம்பிள் எடுப்பார். முப்பது வருஷம் பிரசவ வார்டில் நின்றவர். குச்சி ஒரு சின்ன ஜன்னல் வழியாக என் கைக்கு வரும். எண் மட்டும்தான், அதுவும் வரிசையாக வராது; பெயர் கிடையாது. ஒரு சொட்டு உப்புநீரில் கலந்து, சூடு ஆறுவதற்குள் நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். பார்த்ததைத் துண்டுச் சீட்டில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, பெட்டிக்குள் தள்ள வேண்டும். ஆய்வு முடியும்வரை பெட்டியைத் திறக்கக் கூடாது.

"என்னட்டி தெரியுது?" என்று ஜன்னலில் முகத்தை வைத்துக் கேட்டார் சிஸ்டர்.

"சொல்லக் கூடாது சிஸ்டர்."

"நான் என்ன ஊருக்குத் தண்டோரா போடவா போறேன்?"

முதல் நாளே கேட்கிறார். குறித்து வைக்கிறேன்.

பதினொரு ஸ்லைடு. மூன்றில் ட்ரைக்கோமோனாஸ். பேரிக்காய் வடிவில் ஒரு ஒற்றைச் செல் கிருமி, வாலை அடித்துக்கொண்டு துடிக்கும். ஒரு முறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஆணிடமிருந்து பெண்ணுக்கும் பெண்ணிடமிருந்து ஆணுக்கும் போவது.

ஜூன் 5, புதன்

சார் மாசிக்காயைக் கையில் கொடுத்தார். கொட்டைப்பாக்கு அளவு, மேலெல்லாம் முண்டு. பெயர்தான் காய். உண்மையில் மரத்தில் பூச்சி துளைத்த இடம் வீங்கி இறுகிப் போனது.

"எங்கப்பா முப்பது வருஷம் கொடுத்தார், வடிவு. ஒருத்திகூட மறுபடி அதே தொந்தரவோட வந்ததில்ல."

"குணமானதால வரலையா, குணமாகாததால வரலையா சார்?"

சிரித்தார். "அதைத்தான பாக்கப் போறோம்."

வாய்தான் சிரித்தது. இந்த ஆய்வு நன்றாக முடிய வேண்டும் என்று இவரைவிட அதிகம் ஆசைப்படுகிறவர் யாருமில்லை. அப்படிப்பட்டவர் கையில் பொடி அரைக்கும் அறையின் சாவி இருக்கிறது.

மாவு புளித்துவிட்டது. ஊத்தப்பமாக ஊற்றிச் சாப்பிட்டேன்.

ஜூன் 8, சனி

வீட்டுக்காரர் வந்திருக்கிறார். திருப்பூரில் நிட்டிங் மெஷின் மெக்கானிக். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை சனிக்கிழமை மத்தியானம் வந்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறுவார். பதினோரு வருஷமாக இப்படித்தான்.

போனைக் கவிழ்த்து வைக்கிறார். முன்பும் அப்படித்தான் வைத்தாரா, நினைவில்லை.

வெக்கை அதிகம் என்று சொல்லி ஹாலில் பாய் விரித்துக்கொண்டேன்.

ஜூன் 10, திங்கள்

மீதமாக அரைத்த பொட்டலங்கள் லேப் அலமாரியில் இருக்கின்றன. நுனி நாக்கில் வைத்துப் பார்த்தேன். சில பொட்டலங்கள் நாக்கைச் சுருட்டிப் பிடிக்கின்றன, வாழைப்பூவைப் பச்சையாகக் கடித்த மாதிரி. சில மண் மாதிரி சப்பென்று இருக்கின்றன. எது மாசிக்காய் என்று கண்டுபிடிக்க மதுரைக்குப் போக வேண்டியதில்லை. இந்தப் பெண்கள் யாராவது நாக்கில் வைத்திருந்தால் அவர்களுக்கும் தெரிந்திருக்கும். ஆய்வில் இது ஒரு ஓட்டை.

தரம் பார்ப்பதற்காக நான்கு பொட்டலம் எடுத்துக்கொண்டேன். துவர்த்தவை.

ஜூன் 12, புதன்

ஒரு சோதனை செய்தேன். நாற்பத்தைந்தாம் எண் ஸ்லைடில் ட்ரைக்கோ குவியலாக இருந்தது. ஓரத்தில் மாசிக்காய்க் கரைசல் ஒரு சொட்டு விட்டுக் கடிகாரத்தைப் பார்த்தேன். எட்டு நிமிஷத்தில் ஒன்றுகூட அசையவில்லை.

மனம் துள்ளியது. பிறகு இன்னொரு ஸ்லைடில் சமையல் வினிகர் விட்டேன். மூன்றே நிமிஷம். கண்ணாடியின் மேல் எது ஊற்றினாலும் சாகும். உடம்பு கண்ணாடி இல்லை.

இருந்தாலும் எட்டு நிமிஷம்.

இன்னும் ஆறு பொட்டலம். தரம் பார்க்க.

ஜூன் 18, செவ்வாய்

நேற்றிலிருந்து பதினான்காம் நாள் பரிசோதனை. எனக்குப் பிடிக்கவில்லை.

இருபத்து மூன்று: முதல் நாள் ட்ரைக்கோ, இன்று இல்லை. ஒன்பது: இல்லை. முப்பத்தேழு: இல்லை. பெட்டியைத் திறக்கக் கூடாது என்பது சட்டம். ஆனால் என் தலையைத் திறந்து யாரும் பூட்ட முடியாது, எனக்கு எண்கள் நினைவிருக்கின்றன. முதல் நாள் ட்ரைக்கோ இருந்தவர்களில் இதுவரை ஏழு பேர் வந்தார்கள். ஏழு பேரும் சுத்தம். அதில் பாதிப் பேராவது வெறும் பொடியில் கழுவியவர்களாக இருக்க வேண்டும். மண்ணில் கழுவினால் கிருமி போகுமா?

பஞ்சுக்குச்சி என் கைக்கு வரும்போது ஈரமாக, உடம்புச் சூட்டோடு வருகிறது. அங்கே மாற்றுவதற்கு வழியில்லை.

அப்படியானால் பொடியில்தான் ஏதோ கலந்திருக்கிறது. இரண்டு பொடியிலும்.

ஜூன் 19, புதன்

சார் உற்சாகமாக இருக்கிறார். கேள்வித்தாளில் பெண்கள் "பரவாயில்லை", "நல்லாருக்கு" என்றே சொல்லியிருக்கிறார்களாம். எனக்கு ஒரு டீ வாங்கி வரச் சொன்னார். இத்தனை மாதத்தில் முதல் டீ.

"உங்களுக்கு என்ன தோணுது, வடிவு?"

"எனக்கு எதுவும் தோணக் கூடாதுல்ல சார்."

ஏன் கேட்கிறார்? எனக்குத் தெரிந்துவிட்டதா என்று ஆழம் பார்க்கிறாரா?

ட்ரைக்கோவுக்கு மாத்திரை இருக்கிறது. மெட்ரோனிடசோல், மெட்ரோ என்போம். ஏழு நாள் சாப்பிட்டால் போய்விடும். அதை இடித்துப் பொடியில் கலந்தால் ஓரளவுக்குக் கேட்கலாம். ஆனால் அந்த மாத்திரை நாக்கில் பட்டால் இரும்பை நக்கின மாதிரி கசக்கும். இருபது பொட்டலத்தைச் சுவைத்துப் பார்த்துவிட்டேன். துவர்ப்பும் மண்ணும்தான். கசப்பு இல்லை.

சார் சந்தேகத்தைவிட்டுத் தப்பித்தார் என்று எழுத மனம் வரவில்லை.

ஜூன் 22, சனி

அவர் வந்தார். எனக்கு ஒரு நைட்டி, சின்னப் பூப்போட்டது. காரணமில்லாமல் எதுவும் வாங்கி வருகிறவர் இல்லை.

மத்தியானம் லேபுக்குப் போனேன். சனிக்கிழமை அரை நாள், யாரும் இல்லை. நுண்ணோக்கி சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு மாதிரி ஸ்லைடு போட்டேன். மற்ற எண்களோடு குழம்பக் கூடாது என்று எண்பத்தொன்று என்று எழுதினேன்.

எண்பத்தொன்று: பன்னிரண்டு நாள் மாசிக்காய்க் கழுவல். ஈரம் குறைந்திருக்கிறது. நாற்றம் குறைந்திருக்கிறது. அரிப்பும் அவ்வளவு இல்லை. கேள்வித்தாள் கொடுத்தால் "நல்லாருக்கு" என்றே எழுதலாம்.

ஸ்லைடில் ட்ரைக்கோ. ஒரு வட்டத்துக்குள் இருபதுக்கு மேல். நன்றாக நீந்துகின்றன.

நுண்ணோக்கி சரியாகத்தான் இருக்கிறது.

ஜூன் 24, திங்கள்

சாதம் குழைந்துவிட்டது. எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 27, வியாழன்

இன்று நடந்ததை வரிசையாக எழுத வேண்டும்.

பதினொரு மணிக்கு ஒரு ஆள் மையத்துக்குள் சத்தம் போட்டுக்கொண்டு வந்தான். வேலுச்சாமி என்று பெயர். முப்பத்தேழாம் எண் கோமதியின் புருஷன். கோமதிக்கு இருபத்து நான்கு வயது, மெலிந்த பெண், வந்த இரண்டு முறையும் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவன் கையில் முப்பத்தேழு என்று எழுதிய எங்கள் பொட்டலம் ஒன்று.

"இதுதான் எனக்கு அவ வச்ச மருந்து! குழம்புல கலந்து குடுத்துருக்கா. வாந்தி வாந்தியா எடுத்து, மூஞ்சி செவந்து, நெஞ்சு படபடன்னு அடிச்சு, சாகத் தெரிஞ்சேன். வசியம் பண்ணச் சொல்லிக் குடுத்தது நீங்கதான?"

சார் அவனை உட்கார வைத்தார். "அது கழுவுற பொடிங்க. வெறும் துவர்ப்பு. நான் உங்க முன்னாடி சாப்பிட்டுக் காட்டுறேன்" என்று பொட்டலத்தை உடைத்து வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். அவன் கொஞ்சம் அடங்கினான்.

"அவ எங்க?" என்று கேட்டேன்.

"கழுகுமலைக்கு. அவ ஆத்தா வீட்டுக்கு."

"நடந்து போனாளா, தூக்கிட்டுப் போனாங்களா?"

அவன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான். வலது கை முட்டி தோல் உரிந்திருந்தது.

சிஸ்டர் இந்த நேரம் முழுக்க வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகத்தில் ரத்தமில்லை. சாரின் முகத்தைப் பார்த்தேன். குழப்பம்தான் இருந்தது, பயம் இல்லை. மூன்று வாரமாக நான் தப்பான முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 28, வெள்ளி

லீவு போட்டுவிட்டுக் கழுகுமலை போனேன். கோமதியின் உதடு கிழிந்திருக்கிறது. இடது காது சரியாகக் கேட்கவில்லை என்கிறாள். அவளுடைய அம்மா என்னை உள்ளேவிடவே யோசித்தாள்.

"பொடியையா கலந்த?"

"இல்லக்கா. மாத்திர. சிஸ்டர் ரெண்டு அட்ட குடுத்தாக. ஒண்ணு எனக்கு, ஒண்ணு அவருக்கு. ரெண்டு பேரும் சாப்பிட்டாத்தான் போவும்னாக. அவருட்ட எப்படிக்கா சொல்ல? எனக்கா சீக்குன்னு அடிப்பாரு. அதான் இடிச்சுக் கொழம்புல போட்டேன். அன்னிக்குப் பாத்துக் குடிச்சுட்டு வந்துட்டாரு."

குடித்தவனுக்கு மெட்ரோ ஆகாது. எங்களுக்கு வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்தது.

"உனக்கு மட்டுமா குடுத்தாங்க?"

"தெரியலக்கா. வேன்ல வரும்போது ரெண்டு மூணு பேரு, வாயி கசக்குன்னு சொன்னாக."

திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார இடம் இருந்தது. நின்றுகொண்டே வந்தேன்.

ஜூன் 29, சனி

சிஸ்டரைச் சாம்பிள் அறையிலேயே பிடித்தேன். கதவைச் சாத்தினேன்.

"எத்தன பேருக்குக் குடுத்தீங்க?"

மறைக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்துகொண்டார். "பதினாலு பேரு இருக்கும். லிஸ்ட் எழுதி வைக்கல. எழுதி வச்சா மாட்டிக்குவேன்லா."

"எதுக்கு சிஸ்டர்? ஆய்வே பாழாப் போச்சு. இப்ப எது வேல செஞ்சுது, எது செய்யலன்னு யாராலயும் சொல்ல முடியாது."

"நீ சீட்டுல எழுதி ஒறையில ஒட்டிப் பெட்டியில போடுவ. ஆறு வாரம் அது பூட்டிக் கெடக்கும். அவ ஒடம்புல பூச்சி இருக்குன்னு ஒனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. மாத்திரை இருக்குற சீக்குக்கு ஆறு வாரம் மண்ணக் கரைச்சு ஊத்திட்டு இருன்னு சொல்லணுமாக்கும்? என்னால முடியல, வடிவு."

அந்தப் பெட்டியைப் பற்றி நான் ஒரு நாளும் அப்படி யோசித்ததில்லை. ஒட்டும்போது நேராக ஒட்டியிருக்கிறேனா என்றுதான் பார்த்தேன்.

"அது சரி. யாருக்குப் பூச்சி இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? நான் சொல்லவே இல்லையே."

சிஸ்டர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "நீ சொல்லணுமாட்டி? பூச்சி இல்லன்னா அடுத்த நிமிஷம் தலையத் தூக்கி 'அடுத்தது'ம்ப. இருந்துச்சுன்னா கண்ண எடுக்க மாட்ட. அப்படியே குனிஞ்சு கெடப்ப. நான் ஜன்னல்ல நின்னு பாத்துட்டுத்தான இருந்தேன்."

ஆய்வில் எங்கே ஓட்டை என்று நாக்கில் பொடியை வைத்துத் தேடினேன். ஓட்டை நான்.

போக எழுந்தபோது சிஸ்டர் கைப்பையிலிருந்து இரண்டு அட்டை எடுத்து என் கையில் வைத்தார்.

"எதுக்கு?"

"அலமாரியில பொட்டலம் கொறையுது. நீ ஸ்டூல்ல நுனியில உக்காருத. நான் முப்பது வருஷ நர்ஸுட்டி."

வாங்கிக்கொண்டேன்.

ஜூலை 1, திங்கள்

மாத்திரையைத் தொடவில்லை. இன்றோடு இருபத்தொரு நாள் கழுவல். எண்பத்தொன்றை மறுபடி பார்த்தேன். ஈரம் கிட்டத்தட்ட நின்றுவிட்டது. கிருமி அப்படியே இருக்கிறது.

யோசித்துப் பார்த்தால், இந்த ஆய்வில் மாசிக்காயை மட்டும் உபயோகித்தவள், மாத்திரை சாப்பிடாதவள், இரண்டு முறை ஸ்லைடு பார்க்கப்பட்டவள் என்று உறுதியாகச் சொல்ல ஒரே ஆள்தான் இருக்கிறாள். அவள் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை.

ஜூலை 2, செவ்வாய்

சாரிடம் சொல்ல வேண்டுமா? சொன்னால் சிஸ்டருக்கு வேலை போகும். சொல்லாவிட்டால் நாற்பத்திரண்டாம் நாள் கழித்து மாசிக்காயும் கேட்கும், வெறும் பொடியும் கேட்கும் என்று ஒரு அறிக்கை வரும். இல்லை, இன்னும் மோசமாக, பெண்கள் எல்லோரும் நல்லாருக்கு என்றார்கள் என்று மட்டும் வரும். அதைப் படித்துவிட்டு யாராவது ஒருத்தி மாத்திரைக்குப் பதில் பொடி வாங்கிக் கழுவுவாள். ஈரம் நின்றதும் சரியாகிவிட்டது என்று நம்புவாள். நான் பன்னிரண்டு நாள் நம்பினேன். நுண்ணோக்கி கையில் இருந்தும் நம்பினேன்.

சமையல் கேஸ் தீர்ந்துவிட்டது. பதிய வேண்டும்.

ஜூலை 3, புதன்

சிஸ்டரிடம் முதலில் சொன்னேன். முகத்துக்கு நேரே சொல்லாமல் எழுதிக் கொடுப்பது ஈனம் என்று பட்டது.

"சொல்லு. நானே வாரேன் கூட" என்றார்.

இரண்டு பேரும் சார் அறைக்குள் போனோம். சிஸ்டர் தன் பங்கைச் சொன்னார். கோமதி, மாத்திரை, ஜன்னல். சார் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் பேனாவை மூடினார்.

"ரெண்டு வருஷம் அலைஞ்சு வாங்கின அனுமதி, சிஸ்டர்."

"தெரியும் சார். நான் செஞ்சது தப்புத்தான். ஆனா இன்னொரு தடவ இருந்தாலும் செய்வேன். அந்தப் பிள்ள காதுக்கு மட்டுந்தான் நான் பதில் சொல்லணும். அவன் குடிப்பானான்னு ஒரு வார்த்த கேக்காமக் குடுத்துட்டேன்." அப்போதுதான் அழுதார்.

நான் என் சீட்டுகளை மேஜையில் வைத்தேன்.

"இது என்ன? எண்பத்தொண்ணு? நம்ம கிட்ட எண்பது பேர்தான?"

"ஆமா சார்."

"யாரு இது?"

"நான்தான் சார்."

சார் சீட்டை எடுத்து இரண்டு முறை படித்தார். என்னைப் பார்க்காமலே பேசினார்.

"ஈரம் நின்னுருக்கு."

"நின்னுருக்கு சார். உங்கப்பாகிட்ட வந்த பொம்பளைங்க பொய் சொல்லல. அரிப்பு கொறைஞ்சிருக்கும், நல்லாருக்குன்னு தோணியிருக்கும். ஆனா உள்ள இருந்தது உள்ளயே இருந்திருக்கு."

"ஒரு ஆளை வச்சு எதையும் முடிவு பண்ண முடியாது."

"முடியாது சார். அதனால முடிவு தெரியலன்னு எழுதுங்க."

சீட்டை மேஜையில் வைத்துவிட்டு, "அப்பா உயிரோட இல்லாதது நல்லதாப் போச்சு" என்றார். கோபத்தில் சொன்னாரா, வேதனையிலா என்று தெரியவில்லை. மூன்று வாரமாக இந்த மனிதரைத் திருடன் என்று இந்த நோட்டில் எழுதியிருக்கிறேன். அடித்துவிடலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும்.

ஜூலை 5, வெள்ளி

சார் நெறிமுறைக் குழுவுக்கு எழுதிவிட்டார். ஆய்வு நிறுத்தம். பெட்டியை எங்கள் முன்னிலையில் திறந்தார். எண்பது பெண்களுக்கும் ஆள் அனுப்பி, முதல் நாள் சீட்டில் ட்ரைக்கோ என்று இருந்தவர்களையெல்லாம் ஒரு பெண் டாக்டரிடம் காட்ட ஏற்பாடு. புருஷன்மார்களையும் கூப்பிட்டு, குடிக்கக் கூடாது என்று சொல்லித்தான் மாத்திரை.

அந்த டாக்டரிடம் கடைசி ஆளாக நானும் உட்கார்ந்தேன். என் சீட்டைப் பார்த்துவிட்டு, "ஹஸ்பெண்டுக்கும் சேர்த்து எழுதியிருக்கேன்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, நான் கேட்காமலே, "இது ரொம்ப நாள் ஒண்ணுமே காட்டாம இருக்கும். எப்ப வந்துச்சு, யாருகிட்ட இருந்து வந்துச்சுன்னு எந்த டெஸ்டும் சொல்லாது" என்றார்.

எனக்குத் தெரியும். எத்தனையோ பேருக்கு நானே சொல்லியிருக்கிறேன்.

ஜூலை 6, சனி

மத்தியானம் அவர் வந்தார். வத்தக்குழம்பும் அப்பளமும் வைத்தேன். குழம்பைக் கிண்டும்போது கோமதி நினைவு வந்தது. இடித்துப் போடுவது எவ்வளவு சுலபம் என்று தோன்றியது. ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. அவர் குடிக்கவும் மாட்டார்.

சாப்பிட்டு முடித்ததும் அட்டையை அவர் முன்னால் வைத்தேன்.

"எனக்கு ஒரு தொற்று இருக்கு. ரெண்டு பேரும் சேந்து சாப்பிடணும்னு டாக்டர் சொல்லியிருக்காங்க."

"எத்தன நாளு?"

"ஏழு. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு."

தலைவலி மாத்திரை கொடுத்தால்கூட அட்டையைத் திருப்பித் தேதி பார்க்கிறவர். இன்று திருப்பவில்லை. ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். மீதியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். என்ன தொற்று என்று கேட்கவில்லை. எப்படி வந்தது என்று கேட்கவில்லை.

பதினோரு வருஷத்தில் இவ்வளவு அமைதியாக நான் கேட்ட பதில் வேறு எதுவும் இல்லை.

ஜூலை 7, ஞாயிறு

பஸ் ஏறிவிட்டார். போகும்போது, "ஒழுங்காச் சாப்பிடு" என்றார். மாத்திரையைச் சொன்னாரா, சாப்பாட்டைச் சொன்னாரா?

ஜூலை 10, புதன்

வாய் கசக்கிறது. எதைச் சாப்பிட்டாலும் இரும்பு.

ஜூலை 13, சனி

மாத்திரை முடிந்தது.

சிஸ்டருக்கு இன்றோடு வேலை முடிந்தது. சார் போகச் சொல்லவில்லை என்றும், சிஸ்டரே எழுதிக் கொடுத்தார் என்றும் சொல்கிறார்கள். எது உண்மை என்று விசாரிக்கவில்லை. வாசல்வரை பையைத் தூக்கிக்கொண்டு போனேன். "கோமதிக்கு மதுரையில காது டாக்டர்ட்ட நாள் வாங்கியிருக்கேன், நான் கூட்டிட்டுப் போறேன்" என்றார். நானும் வருகிறேன் என்றேன்.

ஜூலை 16, செவ்வாய்

மதுரை. காதில் ஜவ்வு கிழிந்திருக்கிறது, தானாகவே மூடிக்கொள்ளும், மூன்று மாதம் தண்ணீர் படக் கூடாது என்றார் டாக்டர். வெளியே வந்து மூன்று பேரும் இட்லி சாப்பிட்டோம்.

"வேலுச்சாமி வந்தானா?" என்று சிஸ்டர் கேட்டார்.

"வந்தாரு. நான் வரலன்னு சொல்லிட்டேன். மாத்திரையச் சாப்பிட்டு டாக்டர் சீட்டோட வாங்க, பொறவு பாப்போம்னேன்."

"என்ன சொன்னான்?"

"ஆம்பளையப் பாத்து இப்படிக் கேக்கியேன்னு பேசிட்டுப் போயிட்டாரு. போட்டும்."

இரண்டாவது இட்லிக்குச் சட்னி கேட்டு வாங்கினாள்.

ஜூலை 20, சனி

அவர் வந்தார். பையைக்கூட இறக்காமல் காலி அட்டையை மேஜையில் வைத்தார். எல்லாக் குழியும் உடைந்திருந்தது. காலி அட்டை என்பது அட்டை காலி என்பதற்கு மட்டும்தான் சாட்சி. ஆனாலும் எடுத்துப் பார்த்தேன்.

கை கால் கழுவிவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தார். சாப்பாடு எடுத்து வைக்க எழுந்தேன்.

"செத்த இரு. ரெண்டு வாரமா ஒண்ணு கேக்கணும்னு நெனச்சுட்டே இருக்கேன். அன்னிக்குக் கேக்க வாய் வரல. மெடிக்கல்ல அட்டையக் காட்டிக் கேட்டேன், எதுக்கு உள்ள மாத்திரன்னு சொன்னான்."

"கேளுங்க."

"ஒனக்கு இது யாருகிட்ட இருந்து வந்துச்சு?"

ஒரு கணம் எனக்குக் கேள்வி புரியவில்லை. பிறகு புரிந்தது. அவர் கண்ணில் தூக்கமில்லாத சிவப்பு. பதினான்கு நாள் திருப்பூரில் மெஷினுக்கு அடியில் படுத்துக்கொண்டு இவர் என்னைப் பற்றி யோசித்திருக்கிறார். லேபில் யார், சார் எப்படிப்பட்டவர், சனிக்கிழமை மத்தியானம் எங்கே போனேன் என்றெல்லாம். என்னை ஒருவர் சந்தேகப்படக்கூடும் என்று இந்த நோட்டு முழுவதும் எனக்கு ஒரு முறைகூடத் தோன்றவில்லை.

கோபம் வந்தது. வந்த வேகத்தில் பாதியில் நின்றுவிட்டது.

"எனக்கு வேற யாரும் கெடையாது" என்றேன்.

"எனக்கும் கெடையாது."

குழம்பு ஆறிக்கொண்டிருந்தது.

"டாக்டர் என்ன சொன்னாங்க?" என்று அவரே கேட்டார்.

"வருஷக்கணக்கா ஒண்ணும் காட்டாம இருக்குமாம். எப்ப வந்துச்சு, யாரால வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாதாம்."

"நெசமாவா? இல்ல, எனக்காகச் சொல்லுதியா?"

"நெசந்தான். புத்தகத்துலயே இருக்கு."

மேஜையை விரலால் தேய்த்தார். "சரி. நான் அத நம்புதேன்" என்றார். பிறகு நிமிர்ந்து, "அப்ப நீயும் அத நம்பணும்லா?" என்றார்.

ஆமாம் என்று சொல்ல எனக்கு வெகுநேரம் பிடித்தது. சொன்னேன்.